மண் சரியுமுன் வரவேண்டிய பணம்

2025ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 22ஆந் திகதி கொழும்பு–கண்டி வீதியில், பகல கடுகண்ணாவையில், வீதியோரத்துக் கடையொன்றின் மேல் பாறையும் மண்ணும் சரிந்து வீழ்ந்தன. ஆறு உயிர்கள் அவ்விடத்தில் மாண்டன. ஒரு வாரம் செல்லுமுன் ‘டித்வா’ புயல் இலங்கையைத் தாக்கிற்று. மத்திய மலைநாட்டில் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீற்றருக்கும் மேலாக மழை கொட்டிற்று. மகாவலி கரை கடந்து கம்பளையையும் பேராதனையையும் மூழ்கடித்தது. இரம்புக்கனைக்கு அப்பால் கண்டிப் புகையிரதப் பாதை பல இடங்களில் அறுந்தது. நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மாவட்டங்களுள் கண்டி மாவட்டமே மிகுதியான உயிர்களைப் பலி கொடுத்தது.

அதன் பின்னர் பணம் வந்தது. அதை நாம் மறுக்கவில்லை, மறைக்கவும் இல்லை. சேறு படிந்த வீட்டைச் சுத்தஞ் செய்ய 25,000 ரூபா, வீட்டை முற்றாக இழந்தவர் மீண்டுங் கட்டிக்கொள்ள 50 இலட்சம் ரூபா வரை என்றெல்லாம் அரசாங்கம் அறிவித்தது. 2025 டிசம்பரில் பாராளுமன்றம் 50,000 கோடி ரூபாவுக்குக் குறைநிரப்பு மதிப்பீடொன்றை நிறைவேற்றியது. புயலால் நேர்ந்த நேரடிப் பொருட்சேதம் 410 கோடி அமெரிக்க டொலர் என்று உலக வங்கி கணித்தது. வெளிநாடுகள் உதவின, கடல் கடந்து வாழும் நம்மவரும் உதவினர். இவையனைத்தும் போற்றத்தக்கனவே. எனினும் ஒன்று கேட்கிறோம். பிணங்களைத் தோண்டி எடுத்த பின் 50,000 கோடி தேடிக் கொடுக்க வல்ல திறைசேரி, அம்மழைக்கு முன்பு கடுகண்ணாவை நகர சபைக்கும், அதனைச் சூழ்ந்த யட்டிநுவரப் பிரதேச சபைக்கும், கணவாயின் அடியிலுள்ள மாவனெல்லைப் பகுதிக்கும், ஆபத்தை எதிர்நோக்கி ஆயத்தஞ் செய்வதற்கென்றே ஆண்டுதோறும் ஒரு நிலையான மானியத்தை ஏன் ஒதுக்கி வைக்கவில்லை?

இக்கேள்வி கடுகண்ணாவையிலிருந்து எழுவது பொருத்தமே. 1820களில் ஆளுநர் எட்வேர்ட் பார்ன்ஸ் காலத்தில் இம்மலையை வெட்டியே கண்டிக்கு வீதி சமைத்தனர். அப்பணியை நடத்திய கப்டன் டோசனுக்குக் கணவாயின் உச்சியில் கோபுரம் நிற்கிறது. 1867இல் புகையிரதமும் இதே மலையைச் சுற்றி ஏறிக் கண்டியை அடைந்தது. அப்பாதைக்கு உழைத்தோருள் தென்னிந்தியாவினின்றும் வந்த தொழிலாளரும் இருந்தனர். அவர்களுக்குக் கோபுரம் எதுவும் இல்லை என்பது வேறு கதை. இரு நூற்றாண்டாக இம்மலை வெட்டப்பட்டே வந்திருக்கிறது. முதலில் வீதிக்காக வெட்டினர். பின் தண்டவாளத்துக்காக வெட்டினர். அதன் பின் வீதியோரக் கடைக்கும், கடையின் பின்னே வீட்டுக்கும், வாகனம் நிறுத்தும் இடத்துக்குமாக அடிவாரத்தை அரிந்துகொண்டே போயினர். காலை வெட்டிவிட்டு உடலை நிற்கச் சொன்னால் அது எவ்வாறு நிற்கும்?

இனி, இம்மலைக்குப் பொறுப்பாளி யார் என்று பாருங்கள். கணவாயின் உச்சி கண்டி மாவட்டம், மத்திய மாகாணம். சிறிது கீழே இறங்கினால் கேகாலை மாவட்டம், சப்ரகமுவ மாகாணம். வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியது. தண்டவாளம் புகையிரதத் திணைக்களத்துக்கு உரியது. சரிவிலுள்ள காணி தனியாருடையது. கட்டடத்துக்கு அனுமதி அளிப்பது உள்ளூர்ச் சபை. சரிவு உறுதியானதா என்று கூறுவது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். மக்களை எழுப்பி அப்புறப்படுத்த வேண்டியவர் பிரதேச செயலாளரும் கிராம உத்தியோகத்தரும். மழைநீர் மட்டும் இவ்வெல்லைகளை அறியாது. மேல் மாகாணத்தார் ஒருவர் கண்டிக்குப் போகும் வழியில் தேநீர் அருந்த இறங்குகிறார். அவர் தலைமேலுள்ள பாறைக்குப் பொறுப்பாளர் ஏழு பேர். ஏழு பேர் பொறுப்பென்றால் பொறுப்பாளி ஒருவரும் இல்லை என்பதே நடைமுறை.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோரை வாரிக்கொண்டு போன பின், 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் பிறந்தது. அச்சட்டப்படி அமைந்த தேசியப் பேரவைக்கு ஜனாதிபதி தலைவர். பிரதம மந்திரி உபதலைவர். எதிர்க்கட்சித் தலைவர் அங்கத்தவர். ஒவ்வொரு மாகாணத்தினதும் முதலமைச்சரும் அங்கத்தவர். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மத்திய மாகாண சபையின் ஆயுள் 2018இல் முடிந்தது. அதன் பின் தேர்தல் நடத்தப்படவில்லை. 2025 நவம்பரில் புயல் வந்தபோது நாட்டின் ஒன்பது மாகாணங்களில் ஒன்றிலேனும் முதலமைச்சர் இல்லை. மலைநாட்டுக்காகப் பேரவையில் எழுந்து பேச வேண்டிய ஆசனம் வெறுமையாக இருந்தது. உள்ளூராட்சிச் சபைகளின் கதையும் அதுவே. 2023 மார்ச்சில் அவை கலைந்தன. 2025 மே 6ஆந் திகதி வரை தேர்தல் இல்லை. இரண்டாண்டுக்கும் மேலாகத் தெரிவு செய்யப்பட்ட அங்கத்தவர் ஒருவரும் இன்றிக் கிடந்த சபை, வடிகாலை யார் துப்பரவு செய்வது, சரிவில் எழும் கட்டடத்தை யார் தடுப்பது என்று யாருக்குப் பதில் கூறியிருக்கும்? அதிகாரப் பகிர்வு என்று நம்மவர் பேசுங்கால் அதனை வெறும் அரசியல் முழக்கம் என்று இகழ்வோர் உளர். அவர்கள் இம்மலையின் அடியில் நின்று சற்றே மேலே பார்க்கட்டும்.

விவசாயிகளான நம் வாசகர்களுக்கு மண்சரிவின் இலக்கணத்தைக் கற்பிக்க வேண்டியதில்லை. மேட்டு நிலத்தில் பிளவு காண்பதும், நேற்று வரை இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்புவதும், தெளிந்த ஊற்று திடீரெனக் கலங்குவதும், நேராக நின்ற பலா மரம் சாய்வதும், வீட்டுச் சுவர் வெடிப்பதும் அவர்கள் கண்டறிந்தவை. மிளகும் கராம்பும் நட்ட சரிவில், நீர் எவ்வழி இறங்க வேண்டும், எவ்வழி இறங்கக் கூடாது என்பதும் அவர்கள் அறிந்ததே. கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் இதனை அளவிலும் காட்டியிருக்கின்றனர். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழித்திருக்க வேண்டும். 100 மில்லிமீற்றரானால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150 மில்லிமீற்றரானாலோ, ஒரு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினாலோ, உடனே வெளியேற வேண்டும். ‘டித்வா’ நாளில் பெய்த மழை சில இடங்களில் வெளியேறும் அளவுக்கு இரு மடங்கு.

இவ்வளவையும் அளந்தறிய வேண்டியது ஒரு மழைமானி. ஒவ்வொரு கிராம உத்தியோகத்தர் பிரிவிலும் ஒன்று வைத்து, இரவிலும் அதனைப் பார்த்துக் குறிக்க ஒருவரை அமர்த்தி, அளவு மீறியதும் ஒலிக்க ஓர் ஊதுகுழலும் ஒலிபெருக்கியும் வைத்து, மக்கள் ஓடி அடையும் இடம் எதுவென முன்பே குறித்து, அவ்விடத்தில் பாயும் விளக்கும் குடிநீரும் வைக்க எவ்வளவு செலவாகும்? கயிறு, மண்வெட்டி, தூக்குப் படுக்கை, மின்பிறப்பாக்கி ஆகியவற்றைச் சபைக் களஞ்சியத்தில் வைக்க எவ்வளவு? வீதியின் மேற்புறச் சரிவிலுள்ள வடிகால்களை மழைக்கு முன் ஆண்டுக்கு இரு தடவை வெட்டிவிட எவ்வளவு? 50 இலட்சம் ரூபா வீதம் கட்டவேண்டிய வீடுகளை எண்ணிப் பார்த்தால் இச்செலவு அற்பம். ஆனால் இந்த அற்பத்துக்கு வரவு செலவுத் திட்டத்தில் உள்ளூர்ச் சபையின் பெயரால் நிலையான தலைப்பு இல்லை. மழை பெய்து மனிதர் மாண்ட பின் திறக்கும் கதவு, மழைக்கு முன் தட்டினால் திறப்பதில்லை. கடற்கரையில் ஆழிப்பேரலைக்குப் பின் எச்சரிக்கைக் கோபுரங்கள் எழுந்தன, அதனை வரவேற்கிறோம். மலைச்சரிவில் வாழ்பவனுக்குக் கோபுரம் எங்கே?

மாகாணங்களுக்கான பணத்தைப் பகிர்ந்தளிக்க ஆலோசனை கூறவென்று அரசியலமைப்பே நிதி ஆணைக்குழுவொன்றை ஏற்படுத்தியிருக்கிறது. 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தோடு வந்த ஏற்பாடு அது. மாகாணத்துக்கான மானியங்கள் அவ்வழியே கணிக்கப்படுகின்றன. இவற்றோடு ஆபத்து ஆயத்த மானியம் என ஒன்றைத் தனியே வகுத்து, அது மாகாணத்தின் பொதுச் செலவில் கரைந்து போகாவண்ணம் நேரே நகர சபைக்கும் பிரதேச சபைக்கும் போய்ச் சேரும்படி விதிக்க வேண்டும் என்பதே நாம் வைக்கும் கோரிக்கை. எவ்வளவு என்பதைத் தலைக் கணக்கில் தீர்மானிக்கலாகாது. அபாயக் கணக்கில் தீர்மானிக்க வேண்டும்.

இது புத்தகத்தில் மட்டும் உள்ள கொள்கையன்று. அமெரிக்க நாட்டின் அனுபவத்தைப் பாருங்கள். 2001 செப்டெம்பர் 11ஆந் திகதி நியூயோர்க்கிலும் வாஷிங்டனிலும் பயங்கரவாதத் தாக்குதல் நேர்ந்த பின், மாநிலங்களும் நகரங்களும் இத்தகைய அவசர நிலைக்கு ஆயத்தமாவதற்கென மத்திய அரசு பெருந்தொகை மானியம் வழங்கத் தொடங்கிற்று. அதில் ஒரு பங்கை எல்லா மாநிலங்களுக்கும் குறைந்தபட்ச அளவாக விதித்தனர். விளைவு என்ன? மக்கள் தொகை குறைந்த, தாக்குதல் அச்சம் சொற்பமான வயோமிங் மாநிலத்துக்குத் தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால், தாக்குண்ட நியூயோர்க்கைவிட அதிகம் கிடைத்தது! 2004இல் விசாரணை ஆணைக்குழு இதனைக் கண்டித்து, அபாயத்தின் அளவே மானியத்தின் அளவுகோல் ஆக வேண்டும் என்றது. 2007இல் வந்த சட்டம் அக்குறைந்தபட்சப் பங்கைக் குறைத்தது. பணம் கொட்டப்பட்டதால் மட்டும் ஆயத்தம் உண்டாகிவிடாது. எங்கே கொட்டப்படுகிறது என்பதே கேள்வி. எனினும் அந்நாட்டு முறையில் நாம் கொள்ளத்தக்கதும் ஒன்று உண்டு. உள்ளூர் அவசர சேவை அலுவலகங்களை நடத்தும் செலவில் மத்திய அரசு பாதியை ஏற்று, மறுபாதியை அவ்வூரார் ஏற்க வேண்டும் என்ற மானியமும் அங்கே இருந்தது. ஆண்டு முழுவதும் அதே வேலையாக இருக்கும் ஒரு மனிதனை ஊருக்குள் வைத்திருக்க அது உதவியது.

அயல்நாடான இந்தியாவிலும், 15ஆவது நிதி ஆணைக்குழு 2021 முதல் 2026 வரைக்கு மாநிலங்களின் அனர்த்த நிதியைப் பகுத்தபோது, நூற்றில் எண்பதை நிவாரணத்துக்கும் இருபதை முன்கூட்டித் தணிப்பதற்கும் என வரையறுத்தது. இருபது போதுமா என்று அங்கே வாதிக்கலாம். இங்கே வாதிப்பதற்கு அந்த இருபதுகூட உள்ளூர்ச் சபையின் பெயரில் எழுதப்படவில்லை. இந்தியாவில் யாவும் செம்மை என்று நாம் கூறவரவில்லை. 2020 ஆகஸ்ட் 6ஆந் திகதி இரவு கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துப் பெட்டிமுடியில் தேயிலைத் தோட்ட லயங்கள் மண்ணுள் புதைந்து, தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் அழிந்தன. 2024 ஜூலை 30ஆந் திகதி வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் அழிந்தன. மலை எங்கே சரிந்தாலும் அடியில் லயம் இருப்பதேன் என்ற கேள்விக்கு எந்த நிதி ஆணைக்குழுவும் இதுகாறும் பதில் சொல்லவில்லை.

நம் நாட்டு லயங்களுக்கு வருவோம். பதுளை மாவட்டத்து கொஸ்லாந்தையில், மீரியபெத்தைத் தோட்டத்தின் மேல் 2014 அக்டோபர் 29ஆந் திகதி மலை சரிந்தது. அவ்விடம் வாழத் தகாதது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கைக் கடிதம் இருந்தது. குடிபெயர வேறு நிலம் இல்லை, வீடு இல்லை, அதற்கான பணம் எவர் கையிலும் இல்லை. வெளியேறு என்று தொழிலாளியிடம் கூறுவது எளிது. எங்கே என்று அவன் திருப்பிக் கேட்டால் அதிகாரி மௌனமாகிறார், தோட்டத்துரையும் மௌனமாகிறார். இதற்குச் சட்டத்திலேயே வேர் இருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்து 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளில் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. மூன்று தசாப்தம் வாக்குக் கேட்க மட்டும் தோட்டத்தினுள் நுழைந்த சபைகளுக்கு, வடிகால் வெட்ட நுழைவதற்கு 2018இல் செய்த திருத்தமே வழி திறந்தது. வழி திறந்தது, வண்டியில் ஏற்றப் பணம் வரவில்லை. ஆதலின் ஆயத்த மானியம் கணக்கிடப்படும்போது தோட்டத்து லயங்கள் கிராம உத்தியோகத்தர் பிரிவின் அபாயப் பட்டியலில் ஒவ்வொன்றாக எழுதப்பட வேண்டும். ‘தோட்ட நிருவாகத்தின் பொறுப்பு’ என்ற ஒரே வரியில் ஒதுக்கிவிடுதல் இனிமேலும் செல்லாது. கண்டி மாவட்டத்தின் தோட்டங்களில் உறுதிப் பத்திரமின்றி லயத்தில் வாழ்பவன், வீடிழந்தால் எந்த வீட்டின் உரிமையைக் காட்டி 50 இலட்சம் கேட்பான் என்பதும் இத்தோடு தீர்க்கப்பட வேண்டியதே.

மொழிக்கும் இதில் பங்குண்டு. புயல் நாட்களில் அரசாங்கத்தின் எச்சரிக்கைகள் தமிழில் தாமதித்தும், சில வேளை வராமலும் போயின என்று பலரும் எடுத்துக்காட்டினர். தமிழும் அரசகரும மொழி என்று 1987 முதல் அரசியலமைப்பு கூறுகிறது. ‘வெளியேறுக’ என்ற ஒரு சொல்லைத் தமிழில் அனுப்ப இயலாத நிலையில், அவ்வாசகத்தால் யாருக்கு என்ன பயன்? இதற்கும் பெரும்பணம் வேண்டியதில்லை. ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் இரு மொழியும் எழுதவல்ல ஒருவர் இரவுப் பணியில் இருக்க, அவர் சம்பளத்தை அம்மானியத்தில் சேர்த்தால் முடிந்தது.

எச்சரிக்கை கிடைத்தும் கைகட்டி நின்றால் விளைவு என்ன என்பதற்கு இந்நாடு வேறொரு வகையில் பெருவிலை கொடுத்திருக்கிறது. 2019 ஏப்ரல் 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். முன்னறிவிப்பு அதிகாரிகள் கைக்கு வந்திருந்தும் அவர்கள் தடுக்கத் தவறினர் என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, முன்னாள் ஜனாதிபதி உள்ளிட்டோரை நட்டஈடு செலுத்தப் பணித்தது. 1998 ஜனவரி 25ஆந் திகதி தலதா மாளிகை முன்றிலில் வெடித்த குண்டைக் கண்டி மறவாது. குண்டாயினும் மண்சரிவாயினும், முதல் அரை மணி நேரத்தில் அங்கே நிற்பவர் கொழும்பு அதிகாரியல்லர். அயல் வீட்டாரும், கடைக்காரரும், பஸ் சாரதியும், அண்மையிலுள்ள ஆஸ்பத்திரி வைத்தியருமே. அவர்கள் கையிலுள்ள தூக்குப் படுக்கையும், அவர்கள் பெற்ற முதலுதவிப் பயிற்சியும் இரண்டுக்கும் ஒன்றே. ஆனால் பாதுகாப்பு என்றவுடன் பணம் முழுவதும் படைக்கும் பொலிசுக்கும் போய்விடுகிறது. ஊராருக்குப் பயிற்சியளிப்பதும் பாதுகாப்பே என்று திறைசேரிக்கு யார் எடுத்துச் சொல்வது? இவ்விடத்தில் நம் வாசகரான வைத்தியர்களும் பொறியியலாளரும் ஆசிரியரும் சட்டத்தரணிகளும் மனுக்களில் கையொப்பமிடுவதோடு நில்லாமல், தத்தம் ஊர்ச் சபையின் கூட்டத்தில் போய் உட்கார்ந்து கேட்கலாம். சபைக்கூட்டம் பொதுமக்களுக்கு மூடப்பட்டதன்று.

மறுப்போர் கூறுவதையும் கேட்போம். உள்ளூர்ச் சபைகளிடம் பணம் கொடுத்தால் அது மதிலுக்கும் மண்டபத்துக்கும் போய்விடும் என்பார்கள். அவ்வச்சம் முற்றும் பொய்யன்று. அங்கத்தவரின் பெயர் பொறித்த பஸ் தரிப்பிடங்களை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். ஆனால் இதற்குப் பரிகாரம் பணத்தைக் கொழும்பில் பூட்டி வைப்பதன்று. எதற்கு எவ்வளவு செலவானது என்பதைச் சிங்களத்திலும் தமிழிலும் எழுதிச் சபை வாசலில் தொங்கவிடச் செய்க. கணக்காய்வாளர் அதிபதியின் கண் அங்கும் படட்டும். 2022இல் கடன் செலுத்த இயலாது நாடு முறிந்தது, 2023 முதல் சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனையில் நடக்கிறோம், கையில் காசு இல்லை என்பார்கள். காசு இல்லாதவனுக்கே முற்காப்பு இன்றியமையாதது. கூரை ஒழுகும்போது ஒரு ஓட்டை மாற்ற மறுத்து, கூரை முழுவதும் வீழ்ந்த பின் கடன் வாங்கிக் கட்டுபவனை எந்தக் கிராமத்திலும் கெட்டிக்காரன் என்று கூறார்.

நிதி அமைச்சரும் நிதி ஆணைக்குழுவும் இதனைக் கவனிக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை மே மாதத்தில் தொடங்குகிறது. 2003 மே மாத வெள்ளமும் சரிவும் இரத்தினபுரியை அழித்தன. 2016 மே 17ஆந் திகதி கேகாலை மாவட்டத்து அரநாயக்கையில் சாமசர மலை சரிந்தது. ஆண்டு முழுவதற்குமான மானியத்தின் முதற்றவணை, அடுத்து வரும் ஏப்ரல் முடியுமுன் கடுகண்ணாவை நகர சபையின் கணக்கிலும் யட்டிநுவரப் பிரதேச சபையின் கணக்கிலும் ஏறியிருக்க வேண்டும். கணவாயின் கீழ்ப்பக்கத்துச் சபைக்கும் அவ்வாறே. இரு மாகாணத்தவரும் ஒரே மேசையில் அமர்ந்து, அச்சரிவுக்கு ஒரே திட்டம் வகுக்க வேண்டும். ஏப்ரல் இறுதியில் அப்பணம் வந்ததா, எவ்வளவு வந்தது, எத்தனை மழைமானி நிறுத்தப்பட்டது என்று அச்சபைகளின் தவிசாளர்களிடம் கேட்டு, அவர்கள் கூறுவதை அவ்வாறே இப்பத்தியில் வெளியிடுவோம்.